அஞ்சனாவின் உயரம்

என் அத்திம்பேர் விஸ்வேஸ்வரனுக்கு எதையும் தூக்கிப் போடத் தெரியாது. பேஸ்ட் தீர்ந்தால் மூடியை எடுத்து வைத்துக்கொள்வார். மாத்திரை தீர்ந்தால் அந்த வெள்ளிக்காகித அட்டை. தீர்ந்துபோன பேனா ரீஃபில், உடைந்த குடைக்கம்பி, துடைப்பத்து ஈர்க்குச்சி, பல்பு வந்த பெட்டிக்குள்ளே இருக்கும் மடிப்பு மடிப்பான அட்டை, டிகாக்ஷன் இறக்கியபின் வெயிலில் காயவைத்த காபிப்பொடி. "நீங்க போயிட்டா குப்பை வண்டிக்காரன் ரெண்டு நடை வரணும் அத்திம்பேர்" என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. என் கையிலிருக்கும் பெட்டியைப் பார்த்து, "அந்த அட்டை உனக்கு வேணுமா சிவா?" என்பார்.

இந்தக் குப்பையிலிருந்து அவர் ரயில்வே ஸ்டேஷன் கட்டுவார். பொம்மை என்று சொன்னால் மட்டும் முகம் சுண்டிவிடும். அசல் எவ்வளவோ அதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதற்கு ஒரு மில்லிமீட்டர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆறடி மனிதன் அந்த உலகத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான். பல்புப் பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்து, கீற்றாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, காவி பூசினால் மங்களூர் ஓடு. ரீஃபில் மழைநீர்க் குழாய். ஈர்க்குச்சி ஜன்னல் கம்பி. காபிப்பொடி தண்டவாளத்து மண். சுவருக்கு அவர் எடுத்துக்கொள்வது கல்யாணப் பத்திரிகை. அதுபோல உறுதியான அட்டை கடையில் கிடைக்காது என்பார். அவர் கட்டிய ஸ்டேஷன் எதையாவது திருப்பிப் பார்த்தால் உள்சுவரில் யாருடைய பெயராவது சௌபாக்கியவதியாக இருக்கும்.

துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே, எனக்கு நாலு வீடு தள்ளிக் குடித்தனம். ஆபீஸ் விட்டு வந்தால் நேரே உள்ளறை, மேஜை, பிளேடு, பசை. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார். இப்படி ஒருவரை யார்தான் குறை சொல்ல முடியும்? என் அக்கா கங்கா சொன்னதில்லை. கூடத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் மெஷின் ஓடும். அந்தப்பக்கம் பிளேடு ஓடும். நடுவில் அஞ்சனா என்று ஒரே ஒரு பெண் வளர்ந்தாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. பி.காம். கடைசி வருஷம். ஜூன் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் நடந்துதான் காலேஜ் போய்வந்தாள். காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் பனி என்போம். "சாதாப் பனிதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று அத்திம்பேர் ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்போது அவர் ஒரு கூட்ஸ் ஷெட் கட்டிக்கொண்டிருந்தார். அதன் கல்சுவருக்கு முட்டை அட்டை வேண்டும் என்று கேட்டார். எங்கள் ஆச்சாரமான வீட்டுக்குள் நான்தான் அதை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நாலாம் நாள் அஞ்சனாவின் கண் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து அக்கா அலறினாள். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு அக்கா அவரோடு பேசவில்லை. சமைப்பாள், தட்டில் போடுவாள், துணி மடித்து வைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது. என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "நெத்தியைத் தொட்டுப் பாக்கலைடா அவர். மூணு நாள், ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலை. முட்டை அட்டையை நறுக்கிண்டு இருந்தார்." அட்டையைக் கொண்டுவந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

போன ஆவணியில் அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். பாலக்காட்டில் எங்கள் அண்ணா வீட்டு மாடி காலியாக இருந்தது. விஷு வரைக்கும் இங்கே இருப்பாள். அது கழிந்த புதன்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவருக்கு இதைத் தெரிவிக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அறுபத்தொரு வயசு மனிதர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பசைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"சிவா, நீ அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்கா?"

எந்த போட்டோ என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் நாங்கள் நாலு பேரும் பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அங்கிருந்து பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயிலுக்கு. திரும்பும்போது ஒரு சின்ன ஸ்டேஷனில் இவர் ஏதோ பழைய தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறேன் என்று போய், ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம். அக்கா முதலில் திட்டினாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டு டிக்கெட் கொடுக்கும் அறைக் கதவருகே சுவரோடு சுவராக விறைப்பாக நின்று, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி சல்யூட் வைத்தாள். பெஞ்சியில் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதே பெஞ்சியின் மறுகோடியில் அத்திம்பேர். அவர் மட்டும் அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எடுத்த போட்டோவிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

பேச்சு நிற்பதற்கு முன் அக்கா அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளில் ஒன்று அந்த ஸ்டேஷனைப் பற்றியது. "இருபது வருஷத்துல நாம மூணு பேரும் ஒண்ணா இருந்தது அந்த மூணு மணி நேரம்தான்." அதை அவர் பிடித்துக்கொண்டார். அந்த ஸ்டேஷனைக் கட்டிக் கொடுத்துவிட்டால், அக்கா அதைப் பார்த்துவிட்டால், போகமாட்டாள். அவர் இதை வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு மாசமும் அவர் முகத்தில் வேறு எதுவும் இல்லை. எனக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. என் அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கவேண்டும் என்பது எனக்கும் ஆசைதானே. பஜார் ரோட்டில் நான் வேலை பார்க்கும் இஞ்சி, மிளகுக் கம்பெனியிலிருந்து சாம்பிள் பெட்டி, பைல் அட்டை என்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். கதவு எத்தனை அடி, ஜன்னல் எத்தனை அடி என்று அளந்து பார்க்க வழியில்லை. இப்படிச் சின்ன அளவில் கட்டுகிறவர்களுக்கு அதற்கு ஒரு முறை உண்டு. படத்தில் உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று இருந்தால் போதும். அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஆள் சுவரை ஒட்டி நேராக நின்றால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

"இவ நேரா நிக்கறா பாரு" என்று போட்டோவைக் காட்டினார். "கால்ல செருப்புகூட இல்லை. இவ உயரம் தெரிஞ்சா போறும், கதவு, தூண், கூரை, பெஞ்சி, எல்லாம் வந்துடும்."

"சரி, என்ன உயரம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. பெற்ற அப்பா ஒருத்தர், தூக்கி வளர்த்த மாமா ஒருத்தன். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. கூடத்தில் அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். அஞ்சனாவுக்கு மட்டும் ஐந்து வயசிலிருந்து வருஷத்துக்கு ஒரு பக்கம். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? அத்திம்பேர் சுவரை அளக்க எடுத்துப்போகும் டேப்பே அவளுடைய தையல் டேப்புதான்.

"அக்காகிட்ட கேக்கட்டுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"வேண்டாம்டா. பேரைச் சொன்னாலே அழுவா. முடிச்சுட்டுக் காட்டுவோம்." அப்புறம், "உன் தோளுக்கு வருவாளோ? காதுக்கு வருவாளோ?" என்றார்.

காலேஜ் கிளம்பும்போது அவள் என் வீட்டு வாசலில் நின்று, "மாமா, பைக்ல போட் ஜெட்டி வரைக்கும் கொண்டு விடேன்" என்று கெஞ்சுவதை நினைத்துப் பார்த்தேன். மெலிந்த பெண். மெலிந்தவர்கள் உயரமாகத் தெரிவார்கள். காலில் எப்போதும் குதி உயர்ந்த செருப்பு. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? "காதுக்கு வருவா அத்திம்பேர். அஞ்சடி அஞ்சு அங்குலம் தாராளமா இருக்கும்" என்றேன். ஏதோ சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துச் சொல்கிறவன் மாதிரி சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து எண்பத்தேழால் வகுத்தார். பத்தொன்பது மில்லிமீட்டர். அந்தப் பத்தொன்பதின்மேல் ஏழு மாசம் ஒரு ஸ்டேஷன் எழும்பியது.

அவர் வேலையைப் பற்றி நான் ஆயிரம் கேலி பேசுவேன். ஆனால் அது முடிந்ததும் மேஜையருகே மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓட்டில் பாசி படிந்த இடம்கூட இருந்தது, பழைய பச்சைப் பாவாடைத் துணியைப் பொடியாக நறுக்கித் தூவியிருந்தார். டிக்கெட் ஜன்னலுக்குச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக். விளக்குக்கு மாத்திரை அட்டையின் குமிழ். கம்பியில் பசைமண் பூசி மனிதர்களையும் அவரே செய்தார். கதவருகே சல்யூட் வைத்த அஞ்சனா, அன்று போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதார். பெஞ்சியில் அக்கா. அக்காவின் உயரம் அவருக்குத் தெரியும், பெண் பார்க்க வந்தபோது ஜாதகத்தோடு எழுதிக் கொடுத்தது, ஐந்தடி ஒன்று. அந்தக் கணக்கில் தனியாகச் செய்து, முட்டி மடக்கி, உட்காரவைத்தார். மறுகோடியில் தன்னையும் உட்காரவைத்தார். இந்தமுறை அந்தக் குட்டி அத்திம்பேர் கூரையைப் பார்க்கவில்லை, அஞ்சனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்ததை அவரும் கவனித்தார்.

விஷு முடிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் பெட்டிகள் கட்டியாகிவிட்டது. "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அறைக்குள் அவள் மூன்று வருஷமாகக் கால் வைக்கவில்லை. வாசற்படியில் தயங்கினாள், பிறகு வந்தாள். அத்திம்பேர் மேஜைக்கு அந்தப்பக்கம் வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதின பையன் மாதிரி நின்றார் அந்தக் கிழவர்.

அவள் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை போலிருந்தது. பிறகு அஞ்சனாவின் மஞ்சள் சுடிதார் கண்ணில் பட்டது. குனிந்தாள். ஒரு விரலை நீட்டித் தொடப்போய், தொடாமல் நிறுத்தினாள். அவள் முகம் இளகியது. சத்தியமாகச் சொல்கிறேன், இளகியது. நான் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசினாள். "இது நானா?"

"ஆமா கங்கா. அந்த ஸ்டேஷன். ஞாபகம் இருக்கோல்லியோ?"

"என் கால் ஏன் தொங்கறது?"

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். பெஞ்சியில் உட்கார்ந்த குட்டி அக்காவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஊசி நுழையும் இடைவெளி இருந்தது. போட்டோவில் அவள் பாதம் தரையில் பதிந்துதான் இருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம் என் கண்ணுக்கு ஜென்மத்திலும் பட்டிருக்காது. முப்பது வருஷமாக அரை அங்குலத்தையும் கால் அங்குலத்தையும் வெட்டித் தைக்கிறவள் கண்ணுக்குப் பட்டது.

"பெஞ்சி உசரமாயிடுத்து போலிருக்கு" என்றார் அத்திம்பேர். அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. எங்கே தப்பு என்று அவருடைய மூளை தானாகவே தேட ஆரம்பித்திருந்தது. "பெஞ்சியை இவ உயரத்தை வெச்சுன்னா கணக்குப் போட்டேன்…"

"யார் உயரத்தை?"

"அஞ்சனா உயரத்தை. எல்லாமே அதை வெச்சுத்தான். கதவு, தூண்…"

"அவளுக்கு என்ன உயரம் வெச்சேள்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் சொன்னேன்: "அஞ்சடி அஞ்சு, அக்கா."

அக்கா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"நாலடி பத்து. பத்தாம் கிளாஸோட அவ வளத்தி நின்னுபோச்சு. என்னைவிட மூணு அங்குலம் குட்டை. காலேஜ்ல எல்லாரும் கேலி பண்றான்னு தினம் அழுவா. அதுக்குத்தான் அந்தக் குதி வெச்ச செருப்பு. அது தெரியப்படாதுன்னு பேன்ட்டை நான் ரெண்டு அங்குலம் எறக்கித் தைச்சுக் குடுப்பேன். இந்த ஆத்துலதானே இருந்தா? உங்க ரெண்டு பேர் முன்னாடிதானே நடந்துண்டு இருந்தா?"

அப்போதாவது அத்திம்பேர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிச்சுடு என்று சொல்லியிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் சும்மாவாவது நின்றிருக்கலாம். அவர் கை மேஜைமேல் பென்சிலைத் தேடியது. காகித ஓரத்தில் வகுத்தார்.

"பதினேழு" என்றார். "பதினேழு மில்லிமீட்டர். நான் பத்தொம்போது வெச்சிருக்கேன். அப்போ கட்டடம் முழுக்கத் தப்பு கங்கா. எல்லாம் எட்டுல ஒரு பங்கு பெரிசாப் போயிடுத்து. பிரிச்சுட்டு மறுபடி கட்டணும்."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவேயில்லை, அவருடைய பென்சில் நிற்கவுமில்லை. துக்கப்படுவதற்கு அந்த மனிதருக்கு வேறு வழி தெரியாது. அது எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கும், ஆனால் புரிந்து என்ன செய்ய? அவள் நிமிர்ந்தாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெளியே போனாள். புதன்கிழமை வரைகூட இருக்கவில்லை. அன்றைக்கே சாயங்காலம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள்.

நான்தான் எறணாகுளம் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். மெஷினைப் பிறகு வண்டியில் அனுப்புவதாக ஏற்பாடு. அத்திம்பேர் வாசல் வரை வந்தார், பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். "சாப்பிட்டுக் கிளம்பியிருக்கலாம்" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். தோப்பும்படிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. கீழே மீன்பிடிப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "நான்தான்க்கா தப்பா அளவு சொன்னேன். அவர்மேல கோச்சுக்காதே" என்றேன்.

"அளவு தப்பானதுக்கு யாருடா கோச்சுக்கறா?" என்றாள். கொஞ்ச தூரம் போனபின் அவளாகவே பேசினாள்.

"ஏழு மாசமா அவர் உள்ள என்னமோ பெரிசாக் கட்டறார்னு எனக்குத் தெரியும். பாவாடைத் துணியை எடுத்தப்போவே தெரியும். அஞ்சனா சம்பந்தமாத்தான் இருக்கும்னு நினைச்சுண்டேன். ஒருநாள் வருவார், ஏதாவது கேப்பார்னு மெஷின்ல உக்காந்துண்டே இருந்தேன். வந்து, கங்கா, கொழந்தை என்ன உயரம் இருப்பான்னு என்கிட்ட கேட்டிருந்தா போறும்டா சிவா. நோட்டை எடுத்துக் காட்டியிருப்பேன். ரெண்டு பேருமா அழுதிருப்போம். நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்."

அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது அத்திம்பேர் கூரையைப் பிரித்து ஓடுகளைத் தனியாக அடுக்கி வைத்திருந்தார். இந்தமுறை பதினேழிலிருந்து தொடங்குவதாகவும், கார்த்திகைக்குள் முடித்துவிடலாம் என்றும், முடிந்ததும் நான் போய் அக்காவை அழைத்து வரவேண்டும் என்றும் சொன்னார். அளவு சரியாகிவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினார். பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆட்டோல போறச்சே ஏதாவது சொன்னாளா சிவா?"

அவள் சொன்னது எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் ஓடாமல் கிடந்தது.

"ஒண்ணும் சொல்லலை அத்திம்பேர்" என்றேன். அவர் நம்பிவிட்டார்.